கிணற்றின் கீழே கடல்

கண்ணாடிக் குவளை நீரில் புது முட்டையொன்றை இட்டால் அமிழ்ந்துவிடும். உப்பைத் தாராளமாகக் கரைத்துப் பாருங்கள்; அதே முட்டை மிதக்கும். உப்புநீர் கனமானது, ஆதலால் முட்டையைத் தாங்குகின்றது. நன்னீரையும் அது அவ்வாறே தாங்குமென்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை சுண்ணக்கல் வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தடியிற் புகுந்து நிற்கும் கடல்நீரின்மேல், நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த வில்லைபோல மிதக்கின்றது. கிணற்றில் நாம் அள்ளுவது அந்த மிதக்கும் நீரையே.

இதன் கணக்கு வியப்பானது. 41 அடி நன்னீரும் 40 அடி கடல்நீரும் ஏறக்குறைய ஒரே அமுக்கத்தைத் தருவன. ஆகவே, கடல்மட்டத்திற்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே 40 அடிவரை உவர்நீர் ஒதுங்கி நிற்கும். ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901இல் இதனை எழுதினார். ஒல்லாந்தப் பொறியியலாளர் ஒருவர் சில ஆண்டுகள் முன்னரே கண்டிருந்தார்.

அந்த ஓரடியை இறைத்துவிட்டால்? உவர் 40 அடி ஏற முயலும்! உடனே ஏறிவிடாது, மெல்ல மெல்ல ஏறும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், மனிதர் களைத்த வேளையிற் கிணறு ஊறிக்கொண்டது. நீரிறைக்கும் இயந்திரத்திற்கோ களைப்பில்லை.

கோடை முடிவில் தேநீர் கரித்தால், பாவம், தேயிலையை நோகவேண்டாம். கிணற்றை ஆழமாக்கவும் வேண்டாம், உவரைத்தான் நெருங்குவோம். இறைப்பைக் குறைத்து, அடுத்த மாரியில் முற்றத்து வெள்ளம் வீதிக்கு ஓடாமல் வளவிலேயே வற்றும்படி வரம்பு கட்டிவைப்போம்.