செவ்வாயில் ஒலிக்கும் குரல்

நுழையும்முன்

அச்சில் உள்ள சொற்களை உரக்கப் படித்துப் பதிவு செய்தால் ஒலிநூல் ஆகிவிடும் என்று பலர் எண்ணுவர். ஒரே நாவலை இருவர் படிக்கக் கேட்டவர்க்கு அவ்வெண்ணம் நிலைப்பதில்லை. இல்லாத உலகொன்றை நம்பவைக்க வேண்டிய அறிவியல் புனைகதையில், வாசிப்பவரின் குரல் ஆற்றும் பணியை விளக்குகிறது இப்பாடம்.

ஒரு நாவல், இரு குரல்கள்

செவ்வாய்க் கோளில் ஒருவன் தனித்து விடப்படுகிறான். அவன் இறந்துவிட்டதாகக் கருதி உடன் வந்தோர் புறப்பட்டுவிட்டனர். எஞ்சிய உணவு எத்தனை நாளுக்கு வரும், உருளைக்கிழங்கு பயிரிட எவ்வளவு நீர் வேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டு அவன் நாட்குறிப்பு எழுதுகிறான். அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வீயர் எழுதிய 'தி மார்ஷியன்' நாவலின் கதை இது. நாவலின் பெரும்பகுதி அம்மனிதனின் பேச்சாகவே அமைந்துள்ளது. அவனோ சாவின் விளிம்பிலும் நகைச்சுவை பேசுபவன்.

இந்நாவலை 2013ஆம் ஆண்டு ஆர். சி. பிரே ஒலிநூலாகப் படித்தார். கனத்த குரல், நகைச்சுவையைச் சிரிப்பின்றிச் சொல்லும் பாங்கு. அக்குரலில் கேட்கும்போது, அச்சத்தை மறைப்பதற்காகவே அவன் வேடிக்கை பேசுகிறான் என்று தோன்றும். 2020இல் நடிகர் வில் வீட்டன் படித்த மற்றொரு பதிவு வெளிவந்தது. இதில் அதே மனிதன், அறிவியலில் மூழ்கித் திளைக்கும் ஆர்வலனாக, நண்பரிடம் பேசுவதுபோல் பேசுகிறான். முதற்குரலோடு பழகியவர் பலர் இரண்டாவதை ஏற்கத் தயங்கினர். அவர்கள் மனத்தில் வாழ்ந்த மனிதனுக்கு வேறு குரல் இருந்ததே காரணம்.

கண்ணும் செவியும்

கண்ணால் படிப்பவர் விளங்காத வரியை மீண்டும் படிக்கலாம். சலிப்பூட்டும் கணக்கைத் தாண்டிச் செல்லலாம். செவியால் கேட்பவர்க்கு அவ்வுரிமை குறைவு. பதிவைப் பின்னோக்கி நகர்த்த இயலும் என்றாலும், ஒவ்வொரு வரிக்கும் அவ்வாறு செய்வார் எவருமிலர். எனவே, எண்களும் கருவிகளும் நிறைந்த பத்தியை எவ்வேகத்தில் படிப்பது என்னும் முடிவு வாசிப்பவர் கையில் இருக்கிறது. விரைந்து படித்தால் பொருள் நழுவும். பாடம் நடத்துவதுபோல் படித்தால் கதை நின்றுவிடும்.

புனைந்த பெயர்களோ இன்னும் பெரிய சிக்கல். ஃபிராங்க் ஹெர்பெர்ட் 1965இல் வெளியிட்ட 'டியூன்' நாவலில் 'குவிசாட்ஸ் ஹாடரக்' போன்ற பெயர்கள் மிகுதி. அச்சில் படிப்பவர் அவற்றை வடிவத்தால் அடையாளம் கண்டு கடந்துவிடுவார். வாசிப்பவரோ ஏதேனும் ஓர் ஒலிப்பைத் தேர்ந்தே ஆக வேண்டும். பல ஆண்டுகளாகத் தம் மனத்துள் வேறுவிதமாக ஒலித்துப் பழகியவர்க்கு அவ்வொலிப்பு நெருடும்.

நம்பவைத்த நடுக்கம்

குரலின் ஆற்றலுக்கு ஒலிநூலுக்கு முற்பட்ட சான்று ஒன்று உண்டு. எச். ஜி. வெல்ஸ் 1898இல் வெளியிட்ட 'உலகங்களின் போர்' என்னும் நாவலை ஆர்சன் வெல்ஸ் குழுவினர் 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்க வானொலியில் நாடகமாக ஒலிபரப்பினர். இசை நிகழ்ச்சியை இடைமறிக்கும் செய்தி அறிக்கைகளாகவே அதன் முற்பகுதியை அமைத்தனர். செவ்வாய் உயிரிகள் தாக்கும் இடத்தில் நிற்கும் செய்தியாளராக நடித்தவர் ஃபிராங்க் ரீடிக். முந்தைய ஆண்டு ஹிண்டன்பர்க் வான்கப்பல் தீப்பற்றி வீழ்ந்ததை நேரில் கண்ட செய்தியாளரின் நடுங்கும் குரற்பதிவை அவர் மீண்டும் மீண்டும் கேட்டுப் பயின்றார். நாடகத்தில் அவர் பேச்சு பாதியில் அறுபடுகிறது. பின்னர் சில நொடிகள் ஒலியே இல்லை. கேட்டவருள் சிலர் நிகழ்ச்சியை உண்மையென்றே நம்பினர். நாடே பீதியில் உறைந்தது என்று நாளிதழ்கள் எழுதியது மிகை என்பதைப் பிற்கால ஆய்வாளர் தெளிவுபடுத்தியுள்ளனர். எனினும், வேற்றுலக உயிரிகளை நம்பவைத்தது அச்சமுற்ற ஒரு மனிதக் குரலே என்பதில் ஐயமில்லை.

மிகையும் அளவும்

பார்வையற்றோர்க்காக அமெரிக்காவில் 1930களில் இசைத்தட்டுகளில் 'பேசும் நூல்கள்' பதிவு செய்யப்பட்டபோதே, வாசிப்பவர் எவ்வளவு நடிக்கலாம் என்னும் விவாதம் எழுந்தது. அச்சுநூலை நாட இயலாதவர்க்கு அக்குரல் தவிர வேறு வழியில்லை. அளவுமீறி நடித்தால், கதைமாந்தரைத் தாமே உருவாக்கிக்கொள்ளும் இன்பத்தை அவர்கள் இழப்பர். அறிவியல் புனைகதையில் இவ்விடர் மிகுதி. எந்திர மனிதன் வந்தவுடன் உணர்ச்சியற்ற தட்டைக் குரலுக்கு மாறிவிடுவது எளிய பழக்கம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாயை அக்குரலில் படித்தால், அதன் குறும்பில் எது எஞ்சும்?

ஆண்டி வீயரின் 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' (2021) நாவலில் ராக்கி என்னும் வேற்றுலக உயிரி வருகிறது. அதற்குக் கண்கள் இல்லை. ஒலியால் உலகை அறிகிறது. இசைச் சுரங்களின் கூட்டாகப் பேசுகிறது. அச்சுநூலில் அப்பேச்சு தொடக்கத்தில் இசைக்குறிகளாக அச்சிடப்பட்டுள்ளது. ரே போர்ட்டர் படித்த ஒலிநூலிலோ சுரங்களே ஒலிக்கின்றன. அதன் மொழியைக் கதைத்தலைவன் கற்றுக்கொண்ட பிறகு, அது பேசுவதைச் சிறுசிறு தொடர்களாக, வினவும்போதெல்லாம் இறுதியில் 'கேள்வி' என்னும் சொல்லைச் சேர்த்து மொழிபெயர்க்கிறான். 'அவனா?', 'வந்தானா?' எனச் சொல்லின் இறுதியில் வினா எழுத்தை வைக்கும் நமக்கு இவ்வமைப்பு அவ்வளவு அயலாகத் தோன்றாது. போர்ட்டர் அச்சொல்லைத் தனித்த தாளத்தில் ஒலிக்கிறார். ஆனால், ராக்கியைக் கேலிப்பொருளாக்கவில்லை. அதன் கவலையும் மகிழ்ச்சியும் அக்குறுகிய தொடர்களிலேயே வெளிப்படுகின்றன. இப்பதிவு 2022இல் அமெரிக்காவின் 'ஆடி' விருதுகளில் ஆண்டின் சிறந்த ஒலிநூலாகத் தேர்வு பெற்றது. ராக்கி இசையாய்ப் பேசுகிறது என்று அச்சுநூலைப் படித்தவர் அறிந்துகொண்டார். ஒலிநூலை நாடியவர் அவ்விசையைக் கேட்டார்.