மடிநோய்க் கிருமியை இனங்காட்டும் குமிழிப் பரீட்சை

கறவை மாடுகளுக்கு உண்டாகும் வியாதிகளுள் மடிநோய் மிக்க நஷ்டத்தை விளைவிப்பதாகும். பால் திரிந்து வருவதும், மடி வீங்கிக் கல்லிப்பதும் இந்நோயின் வெளிப்படையான குறிகள். நோயை உண்டாக்கிய கிருமி இன்னதென்பது மட்டும் கண்ணுக்குப் புலப்படாது. அதனை அறியாமல் மருந்து செலுத்துவதால் பணம் செலவாவதன்றி, நோய் மற்ற மாடுகளுக்கும் பரவ இடமுண்டாகிறது.

மடிநோய்க் கிருமிகளுள் முக்கியமானவை ஸ்டாபிலோகாக்கஸ், ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் இரு வகுப்பினவாம். முன்னது திராட்சைக் குலைபோல் கூடுவது. பின்னது மணிகோத்தாற்போல் சங்கிலியாய் நிற்பது. இரண்டும் உருண்டை வடிவின. கிராம் சாயத்தில் ஊதாநிறம் கொள்வன. பூதக்கண்ணாடியில் குலை கலைந்தும் சங்கிலி அறுந்தும் காணப்படுமாயின், ஒன்றை மற்றொன்றாகக் கருத நேரிடும்.

இவ்வேற்றுமை சிறியதன்று. ஸ்டிரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்னும் கிருமி பெனிசிலினுக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் மடியின் சதையில் ஆழப் பதிந்து தங்குவது. அதன் இனங்களுட் பல பெனிசிலினைச் சிதைக்கும் பொருளைத் தாமே உண்டாக்கவும் வல்லன. அத்தகைய கிருமி நிலைத்துவிட்ட மாட்டைக் கடைசியில் கறக்கவோ, மந்தையினின்றும் விலக்கவோ வேண்டி வரும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குக் கட்டலேஸ் பரீட்சை உதவுகிறது. பிராணவாயுவைக் கொண்டு வாழும் உயிரணுக்களில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. அதனை ஜலமாகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிடும் நொதிக்குக் கட்டலேஸ் என்று பெயர். 1901-ஆம் ஆண்டில் ஆஸ்கர் லோவ் என்பவர் புகையிலையை ஆராய்ந்து எழுதி, அமெரிக்க விவசாய இலாகா வெளியிட்ட அறிக்கையில் இந்நொதி விவரிக்கப்பட்டுள்ளது. ஸ்டாபிலோகாக்கஸில் இது உண்டு, ஸ்டிரெப்டோகாக்கஸில் இல்லை.

செய்முறை வருமாறு: பாலை வளர்ப்புத் தட்டில் கீறி, 37 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் 18 முதல் 24 மணி நேரம் வைத்தால் கிருமிகள் புள்ளி புள்ளியாய் வளரும். ஒரு புள்ளியின் மேற்பாகத்தைச் சுத்தமான மரக்குச்சியால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, நூற்றுக்கு 3 பங்கு வலிவுள்ள பெராக்ஸைடு ஒரு துளி விடவேண்டும. உடனே குமிழிகள் பொங்குமாயின் ஸ்டாபிலோகாக்கஸ் எனவும், பொங்காவிடில் ஸ்டிரெப்டோகாக்கஸ் வகுப்பு எனவும் கொள்ளலாம்.

எளிய பரீட்சையாயினும் பிழை நேரும் வழிகள் பல. இரத்தத்திலும் கட்டலேஸ் இருப்பதால், இரத்தம் சேர்த்த தட்டில் வளர்ந்த கிருமியை எடுக்கும்போது அடியிலுள்ள கூழ் ஒட்டலாகாது. இரும்பு கலந்த கம்பியும் குமிழியை எழுப்பும். நாட்பட்ட வளர்ப்பு நொதியை இழந்திருக்கலாம். பெராக்ஸைடும் வெளிச்சத்தில் வலிவு குன்றும். ஆதலால் தெரிந்த கிருமிகள் இரண்டை ஒவ்வொரு முறையும் உடன் பரீட்சித்துக் கொள்வது அவசியம். நோயுற்ற பாலிலுள்ள வெள்ளணுக்களிலும் இந்நொதி உண்டு. ஆகவே பாலிலேயே துளியை விட்டுக் கிருமியின் இனத்தைக் கூற முடியாது.

குமிழி தோன்றியபின், முயலின் இரத்தநீரை உறையச் செய்கிறதா என்று பார்த்து ஆரியஸ் இனத்தை உறுதி செய்வர். குமிழி தோன்றாதவற்றுள் அகலாக்டியேயை அறிய, 1944-இல் கிறிஸ்டி, அட்கின்ஸ், மன்ச்-பீட்டர்சன் ஆகியோர் வெளியிட்ட காம்ப் பரீட்சை பயன்படுகிறது.

பரீட்சைசாலையின் முடிவு, அங்குச் சேரும் பாலின் சுத்தத்தைப் பொறுத்தது. மருந்து செலுத்துவதற்கு முன்னரே பால் எடுக்கப்பட வேண்டும். காம்பைக் கழுவித் துடைத்து உலர்த்தி, முதற் பீச்சல்களை நீக்கி, காம்பின் நுனியைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, கொதிநீராவியில் சுத்தி செய்த குப்பியில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அனுப்புக. குப்பியின்மேல் மாட்டின் அடையாளமும், எந்தக் காம்பின் பால் என்பதும் எழுதப்பட வேண்டும். சாணமோ கைய​ழுக்கோ கலந்த பாலில் வேறு கிருமிகள் வளர்ந்து, நோய்க்குக் காரணமானதை மறைத்துவிடும்.