வீடு வாங்கப் போகிறீர்களா? பத்திரம் மட்டும் போதாது!

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது பழமொழி. கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவதும் லேசான காரியம் அல்ல.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எத்தனை விசாரணை செய்கிறோம்! ஊரைக் கேட்கிறோம். உறவைக் கேட்கிறோம். ஆனால், ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொட்டி வீடு வாங்கும்போது, தரகர் சொன்ன சொல்லை நம்பி அட்வான்சை நீட்டிவிடுகிறோம்.

"பத்திரம் ரிஜிஸ்தர் ஆகிவிடும். பிறகு என்ன பயம்?" என்று பலர் நினைக்கிறார்கள். பயம் அங்கேதான் இருக்கிறது!

பதிவு ஆபீஸ் என்ன செய்கிறது?

ரூ.100-ம் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டையோ நிலத்தையோ விற்றால், பத்திரத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். கையெழுத்துப் போட்ட 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்கவேண்டும். இது 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம்.

ஆனால், "இந்த வீடு விற்பவருக்குத்தான் சொந்தம்" என்று சார்பதிவாளர் உத்தரவாதம் கொடுப்பது இல்லை. விற்பவருக்கு உரிமை உண்டா, இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 1908-ம் ஆண்டுச் சட்டம் அவருக்குக் கொடுக்கவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் வந்த தீர்ப்பு இது.

அப்படியானால், உரிமையை யார் பார்ப்பது? வாங்குகிற நீங்கள்தான்!

பின்னோக்கிப் பாருங்கள்

விற்பவருக்கு இந்த வீடு எப்படி வந்தது? அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது? இப்படியே பின்னோக்கிப் போய், 30 ஆண்டுக் கதையைப் பார்க்கவேண்டும். இது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி விட்டுப் போயிருந்தாலும் நின்று விசாரியுங்கள்.

நகலைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அசல் பத்திரத்தைக் கேளுங்கள். அது வேறு ஒருவரிடம் அடகில் இருக்கலாம்!

அடுத்தது வில்லங்கச் சான்று. வீட்டின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவை அதில் தெரியும். இப்போது பதிவுத்துறையின் இணையதளத்தில் காசு இல்லாமலே பார்க்கலாம். ஆனால், பதிவானது மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயில், வாரிசுகளின் பங்கு, கோர்ட்டில் நடக்கும் வழக்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். "வில்லங்கம் இல்லை" என்ற தாளைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

மகள் கையெழுத்து எங்கே?

ஒரு தகப்பனார் இருக்கிறார். சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டினார். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இரண்டு மகன்கள் சேர்ந்து வீட்டை விற்கிறார்கள். வாங்கியவர் குடியேறிவிட்டார். சில ஆண்டுகள் கழித்து, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் வருகிறார். "என் பங்கு எங்கே?" என்று கேட்கிறார்.

கேட்க அவருக்கு உரிமை உண்டு. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே பங்கு உண்டு என்று 2005-ம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது.

ஆகவே, வாரிசுச் சான்றிதழைப் பாருங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

பட்டா வேறு, பத்திரம் வேறு

பத்திரம் பதிவுத்துறையைச் சேர்ந்தது. பட்டா வருவாய்த்துறையைச் சேர்ந்தது. இரண்டிலும் பெயர், சர்வே நம்பர், அளவு ஒன்றாக இருக்கவேண்டும். இடம் கோயில் நிலமா, புறம்போக்கா என்பதையும் வருவாய்த்துறைக் கணக்கில் பாருங்கள். சர்வேயரைக் கொண்டு அளந்து, நான்கு எல்லையையும் சரிபார்ப்பது நல்லது.

சொந்தக்காரர் வராமல், "பவர்" வாங்கியவர் விற்க வருகிறாரா? பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இறந்துவிட்டால், பொதுவாக பவரும் போய்விடும். பவர் பத்திரத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வீடு நம்முடையது என்று இருப்பவர்களும் உண்டு. அது விற்பனை ஆகாது என்று 2011-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

பணம் கொடுக்கும்போது

தமிழ்நாட்டில் 2012-ம் ஆண்டு டிசம்பர் முதல், விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்யவேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ரூ.20 ஆயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. பேங்கு மூலம் கொடுங்கள். அதுவே சாட்சி.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதை மிச்சம் பிடிக்க, விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள்! நாளை வழக்கு வந்தால், பத்திரத்தில் இல்லாத பணத்தைக் கொடுத்ததாக எப்படி நிரூபிப்பீர்கள்?

கட்டப்போகும் அடுக்குமாடி வீட்டுக்குப் பணம் கட்டுகிறீர்களா? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில், 8 வீட்டுக்கு மேல் கட்டினால், அந்தத் திட்டத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன்பு 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக்கூடாது.

விற்பவருக்கும் லாபம்

விற்பவரும் முன்கூட்டியே தயாராக வேண்டும். பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றி, வரி ரசீதுகளைச் சேர்த்து, அசல் பத்திரங்களை வரிசையாக வைத்திருந்தால், வாங்குபவருக்கு நம்பிக்கை பிறக்கும். நல்ல விலையும் கிடைக்கும். ஆனால், அசலைத் தரகர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இத்தனை அலைச்சல் தேவையா?

தேவையில்லாதபடி செய்த நாடு உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில், 1858-ம் ஆண்டு ராபர்ட் டோரன்ஸ் என்பவர் முயற்சியால் ஒரு சட்டம் வந்தது. சர்க்கார் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே சொந்தக்காரர். மோசடி போன்ற சில காரியங்கள் நீங்கலாக, அதற்குச் சர்க்காரே பொறுப்பு. பழைய பத்திரங்களைத் தேடி அலையவேண்டியது இல்லை.

இந்தியாவில் ராஜஸ்தான் மாநிலம், நகர்ப்புற நிலங்களுக்கு உரிமைச் சான்று கொடுக்க 2016-ம் ஆண்டு ஒரு சட்டம் செய்தது. நம் ஊரிலும் பத்திரமும் பட்டாவும் ஒரே கணக்காகி, "இவரே சொந்தக்காரர்" என்று அரசாங்கம் பொறுப்பேற்கும் நாள் வந்தால், வீடு வாங்கும் ஏழை எளியவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அந்த நாள் வரும்வரை, ஒரு நல்ல வக்கீலிடம் காகிதங்களைக் காட்டுங்கள். அவர் "சரி" என்று சொல்லும்வரை, பணப்பையைத் திறக்காதீர்கள்!