பெயரைத் தேடும் கணினி

இணையத்தளம் ஒன்றின் பெயரைக் கணினியில் தட்டச்சு செய்கிறோம். அடுத்த நொடியே அதன் பக்கம் திரையில் விரிகிறது. அந்த ஒரு நொடிக்குள் நடக்கும் வேலையைப் பற்றி நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வேலை தடைபடும்போதுதான் அதன் அருமை நமக்குப் புரிகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்போது அவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். லினக்ஸின் மூலநிரலை எவரும் பெறலாம், படிக்கலாம், மாற்றலாம். எனவே, ஆர்வமுள்ளவர்கள் அதன் பகுதிகளை ஒவ்வொன்றாகத் தொகுத்துத் தங்களுக்கென ஓர் இயங்குதளத்தை உருவாக்கிக்கொள்கின்றனர். 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்' என்னும் வழிகாட்டி நூல் அதற்கான படிகளை விளக்குகிறது.

மாணவர் ஒருவர் பல வார இறுதிகளைச் செலவிட்டு இவ்வாறு ஓர் இயங்குதளத்தை உருவாக்கினார் எனக் கொள்வோம். கணினி நன்றாக இயங்குகிறது. ஆனால், எந்த இணையத்தளத்தின் பெயரைக் கொடுத்தாலும், 'பெயரைக் கண்டறிவதில் தற்காலிகத் தோல்வி' என்ற பொருளுடைய செய்தியே திரையில் தோன்றுகிறது. இத்தனை நாள் உழைப்பும் வீணாகிவிட்டதோ என அவர் கலங்குகிறார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாமா என்றுகூட நினைக்கிறார். அதற்குத் தேவையே இல்லை. அச்செய்தியைக் கவனித்துப் படித்தால், சிக்கல் எங்கே இருக்கிறது என்பதற்கான குறிப்பு அதிலேயே இருப்பது தெரியும்.

கைப்பேசியில் நண்பரின் பெயரைத் தொட்டு அழைக்கிறோம். ஆனால், அழைப்பு செல்வது அவருடைய எண்ணுக்குத்தான். இணையத்திலும் அப்படியே. கணினிகள் ஒன்றையொன்று ஐபி முகவரி என்னும் எண்களைக் கொண்டே அடையாளம் காண்கின்றன. பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர்.

தொடக்கத்தில் இவ்வேலையை ஒரே ஒரு கோப்பு செய்துவந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகம் கணினிகளின் பெயர்களையும் எண்களையும் ஒரு பட்டியலாகப் பேணியது. மற்ற கணினிகள் அதைப் படியெடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகியபோது அப்பட்டியலைப் பேணுவது கடினமாயிற்று. எனவே, 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். ஒரே பட்டியல் செய்துவந்த வேலை பல சேவையகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பழைய பட்டியலின் சிறிய வடிவம் 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பாக லினக்ஸில் இன்றும் இருக்கிறது.

இனி, அம்மாணவரின் சிக்கலுக்கு வருவோம். முதலில், இணைப்பு இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். 'பிங்' என்னும் கட்டளையைக் கொண்டு 8.8.8.8 போன்ற ஓர் எண்முகவரிக்குச் செய்தி அனுப்பலாம். மறுமொழி வந்தால் கம்பியிலும் ரவுட்டரிலும் குறையில்லை. பெயரைத் தேடுவதில்தான் குறை. மறுமொழி வராவிட்டால், முதலில் இணைப்பையே சரிபார்க்க வேண்டும்.

அடுத்து, 'ஈடிசி' அடைவில் உள்ள 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். எந்தச் சேவையகத்திடம் கேட்க வேண்டும் என்பதை அக்கோப்புதான் கணினிக்குச் சொல்கிறது. 'நேம்சர்வர்' என்ற சொல்லும் அதன்பின் சேவையகத்தின் எண்முகவரியும் அதில் இருக்க வேண்டும். அக்கோப்பே இல்லையென்றால், கணினி தன்னிடமே வழி கேட்கும், விடை கிடைக்காது. அச்சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டாலும் அந்த வரி பயன்படாது.

மூன்றாவதாக, 'டிக்' என்னும் கருவி நிறுவப்பட்டிருந்தால், அதைக் கொண்டு சேவையகத்திடம் நேரடியாகக் கேட்கலாம். சேவையகம் விடை தரவில்லையென்றால், தீயரண் 53ஆம் வாயிலைத் தடுக்கிறதா என்று ஆராய வேண்டும். வேறொரு சேவையகத்திடமும் கேட்டுப் பார்க்கலாம். டிக் கருவிக்கு விடை கிடைத்தும் உலாவிக்குக் கிடைக்கவில்லையென்றால், 'என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்' கோப்பைப் பார்க்க வேண்டும். பெயர்களை எங்கெங்கே, எந்த வரிசையில் தேடுவது என்பதை அது கூறுகிறது. அதன் 'ஹோஸ்ட்ஸ்' வரியில் 'டிஎன்எஸ்' என்ற சொல் விடுபட்டிருந்தால், கணினி ஹோஸ்ட்ஸ் கோப்போடு தேடலை நிறுத்திக்கொள்ளும். டிக் கருவி இந்த வரிசையைப் பார்ப்பதில்லை. அதனால்தான் அதற்கு மட்டும் விடை கிடைக்கிறது.

சில வேளைகளில் இன்று சரிசெய்த குறை, கணினியை மீண்டும் இயக்கியதும் திரும்ப வரும். கணினிக்குத் தானாக ஐபி முகவரி பெற்றுத் தரும் நிரல், 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைப் புதிதாக எழுதிவிடுவது இதற்குக் காரணமாக இருக்கலாம். அப்போது கோப்பை மட்டும் திருத்தினால் போதாது. அந்நிரலின் அமைப்பையும் மாற்ற வேண்டும்.

ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால், எந்த மாற்றம் பயன் தந்தது என்பது தெரியாமல் போய்விடும். ஆகவே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதும், செய்ததைக் குறித்து வைப்பதும் நல்ல பழக்கங்களாகும்.

கடையில் வாங்கும் கணினியில் இக்கோப்புகள் யாவும் நமக்குத் தெரியாமலே அமைந்துவிடுகின்றன. தானே உருவாக்கியவருக்கு அவற்றை எழுதும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. பல வார உழைப்பைக் காப்பாற்றியது ஒரே ஒரு வரி என்பதை உணரும்போது, அம்மாணவர் ஒரு குறையை மட்டும் தீர்த்திருக்கமாட்டார். இணையம் இயங்கும் விதத்தையும் கற்றிருப்பார்.