மருந்து எதிர்ப்பு: வைரஸுக்கு இடைவெளி கொடுப்பது யார்?

அரசின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை) மையங்களில் எச்.ஐ.வி. உள்ளோருக்கு இன்று பெரும்பாலும் தரப்படுவது தினம் ஒரே ஒரு மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகள் அதற்குள் இருப்பதால் அதை டி.எல்.டி. என்கிறார்கள். நடுவில் இருக்கும் லாமிவுடின், எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று 1989-ல் ஆய்வகத்தில் காட்டியவர்களில் ஒருவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக வைரஸ் ஆய்வாளர் மார்க் வெயின்பெர்க். மருந்து கிடைத்ததோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 2017-ல் மறையும் வரை அவர் ஆராய்ந்தது, அந்த மருந்திடமிருந்தும் அதற்குப் பின் வந்த மருந்துகளிடமிருந்தும் வைரஸ் எப்படித் தப்புகிறது என்பதைத்தான். மருந்து வேலை செய்யவில்லை என்றதும் "மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார்" என்று நோயாளியின் மேல் பழி விழுவது நம் வழக்கம். வெயின்பெர்க்கும் அவர் தலைமுறை ஆய்வாளர்களும் சேர்த்துவைத்த சான்றுகளை வரிசையாகப் பார்த்தால், அந்தப் பழியில் பெரும்பகுதி வேறு இடங்களுக்குப் போகவேண்டியது என்று தெரியும்.

முதலில், எதிர்ப்பு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி சுமார் 9,700 எழுத்துகள் கொண்டது. அதைப் படியெடுக்கும் நொதி அவசரக்கார எழுத்தரைப் போன்றது. எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்தாது. சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி அளவில் புது வைரஸ்கள் பிறக்கின்றன. இவ்வளவு பிழைகளுக்கிடையே ஏதாவது ஒரு மருந்துக்கு அடங்காத வைரஸ், அந்த மருந்தைத் தொடும் முன்பே உடலில் இருக்கும். மூன்று மருந்துகள் ஒரே நேரத்தில் முழு அளவில் ரத்தத்தில் நின்றால் மூன்றிடமிருந்தும் ஒருசேரத் தப்புவது ஏறக்குறைய முடியாத காரியம். பெருக முடியாத வைரஸால் புதிய பிழையும் செய்ய முடியாது. ஆபத்து அரைகுறையில் இருக்கிறது. மருந்தின் அளவு குறையும்போது அதற்கு அடங்கும் வைரஸ் சாகும், அடங்காதது தழைக்கும். அப்படித் தழைத்தது உறங்கும் செல்களுக்குள் பதிந்து, ஆண்டுகள் கழித்து அதே மருந்தைத் தந்தாலும் தலைதூக்கும். எனவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த அரைகுறை நிலை எங்கிருந்து வருகிறது?

வரலாற்றில் அதை முதலில் உண்டாக்கியது மருத்துவமே. 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஏ.இசட்.டி. என்ற எச்.ஐ.வி. மருந்து தனியாகவே கொடுக்கப்பட்டது. ஆறு மாதமும் அதற்கு மேலும் அதை எடுத்துக்கொண்டவர்களின் வைரஸ் அதற்கு அடங்க மறுக்கிறது என்று ஆய்வாளர்கள் பிரெண்டன் லார்டரும் டக்ளஸ் ரிச்மனும் 1989-லேயே காட்டினார்கள். அந்த நோயாளிகள் ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியிருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது. லாமிவுடினைத் தனியாகக் கொடுத்தபோதும் சில வாரங்களிலேயே, நொதியின் 184-ஆம் இடத்தில் ஏற்படும் ஒரே ஒரு மாற்றத்தால் வைரஸ் தப்பியது. ஆனால் அப்படித் தப்பிய வைரஸ் பெருகும் வலுவில் குறைந்தது, ஏ.இசட்.டி.க்கும் டெனோஃபோவிருக்கும் முன்னைவிட எளிதில் அடங்கியது. இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைத்தன: மருந்துகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும், எதிர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக நம்பிக்கையை விடவேண்டியதில்லை. 1996-ல் மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை வந்தபின் மரணங்கள் சரிந்தன. தமிழில் நாம் 'கூட்டு மருந்து' என்று சொல்வது இதைத்தான்.

அப்போது எழுந்த மறுப்பு, ஏழை நாடுகளுக்கு இதைக் கொடுத்தால் ஆபத்து என்பது. நேரம் தவறாமல் விழுங்கத் தெரியாதவர்கள் எதிர்ப்பு வைரஸை உலகெங்கும் பரப்புவார்கள் என்றார்கள். ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் பழக்கமில்லை என்ற பொருளில் 2001-ல் அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவரே பேசினார். அதே ஆண்டில் இந்தியாவின் சிப்லா, லாமிவுடின் அடங்கிய கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்து, விலை கட்டுப்படியாகாது என்ற சாக்கை உடைத்தது. ஒழுங்காக விழுங்கமாட்டார்கள் என்ற சாக்கை 2006-ல் வெளிவந்த தொகுப்பாய்வு உடைத்தது: மருந்தைப் போதிய ஒழுங்கோடு எடுத்தவர்கள் ஆப்பிரிக்காவில் 77 சதவீதம், வட அமெரிக்காவில் 55 சதவீதம். கையில் மருந்து கிடைத்தபோது ஏழைகள் அதைப் பொறுப்பாகவே சாப்பிட்டார்கள்.

இன்றைய மறுப்பு வேறு. டொலுடெக்ராவிர் எளிதில் தோற்காத மருந்து, இனி எதிர்ப்பைப் பற்றிக் கவலை எதற்கு என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. இந்த மருந்திடமிருந்து தப்பும் வைரஸ் பெரும் விலை கொடுத்தே தப்புகிறது என்று வெயின்பெர்க்கின் ஆய்வகமும் சொன்னது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை, டொலுடெக்ராவிர் எதிர்ப்பு 3.9 முதல் 8.6 சதவீதம் வரை காணப்பட்டதாகக் கூறுகிறது. ரத்தத்தில் வைரஸ் அதிகமாக இருக்கும்போதே இந்த மருந்துக்கு மாற்றப்பட்டவர்களிடம் அது 19.6 சதவீதத்தைத் தொட்டது. நல்ல பூட்டு என்பதற்காகக் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்க முடியாது.

இன்று கதவைத் திறப்பவை எவை? மருந்து கையிருப்பு தீர்வது ஒன்று. 2022 ஜூலையில் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகம் முன் எச்.ஐ.வி. உள்ளோர் போராடியது இதற்காகத்தான். நாடு தழுவிய தட்டுப்பாடு இல்லை என்றது அரசு. தட்டுப்பாடு ஓர் ஊரில் மட்டும் என்றாலும், அந்த ஊர்க்காரரின் உடலில் நடப்பது முழு இடைவெளிதான். அவமதிப்பு மற்றொன்று. மாமியார் பார்த்துவிடுவாரோ, விடுதி அறைத் தோழன் கேட்பானோ என்று ஒளித்து விழுங்க வேண்டிய மாத்திரை, ஒருநாள் விழுங்கப்படாமலே போகும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கும்போது டொலுடெக்ராவிரை இருவேளை கொடுக்க வேண்டும், எச்.ஐ.வி. என்று சொன்னால் விரட்டுவார்களோ என்று அஞ்சி மருத்துவரிடம் மறைப்பவருக்கு அது கிடைக்காது. தனிமனிதப் பொறுப்பே இல்லையா என்றால், உண்டு. மாத்திரையை விழுங்கவேண்டியவர் அவர்தான். ஆனால் அந்தப் பொறுப்பைக் கேட்கும் உரிமை, மாத்திரையைத் தடையின்றித் தந்து, பயமின்றி விழுங்க விட்டவர்களுக்கே உண்டு.

நம் சட்டமும் இதை ஓரளவு ஏற்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒப்புதல் இல்லாமல் பரிசோதனை செய்வதையும், நிலையை வெளியே சொல்வதையும், வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. மீறல் நடந்தால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். அவர் 30 நாட்களுக்குள், மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் உத்தரவிட வேண்டும். நீதிமன்றத்தில் பெயரை மறைத்து வழக்காடவும் வழி உண்டு. ஆனால் கூட்டு மருந்து தரும் கடமையை இச்சட்டம் 'இயன்றவரை' என்ற சொல்லோடு சேர்த்து எழுதியிருக்கிறது. வைரஸ் எதிர்பார்த்துக் காத்திருப்பது அந்த ஒரு சொல்லைத்தான். அது நீக்கப்பட வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியவை பல. ஆண்டுக்கு ஒருமுறையாவது வைரஸ் அளவுப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 1,000-க்கு மேல் வந்தால் ஆலோசனைக்குப் பின் மறுபரிசோதனையும், மீண்டும் அதே நிலை என்றால் அடுத்தகட்ட மருந்துக்கான பரிசீலனையும் உங்களுக்கு உரியவை. வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிட் எடுப்பவர்கள் டி.எல்.டி.யை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ விழுங்குங்கள். வெளியூரில் வேலை என்றால் கிளம்பும் முன்பே மையத்தில் சொல்லி, போகும் ஊரில் மருந்து பெற ஏற்பாடு செய்யுங்கள். மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினால் தேதியோடு எழுத்தில் புகார் கொடுங்கள். 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். உங்கள் வீட்டில், அலுவலகத்தில், விடுதியில் ஒருவர் தினமும் ஒரு மாத்திரை போடுவதைப் பார்த்தால், எதற்கென்று கேட்காதீர்கள். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுங்கள்.