ஒரே கோட்டை, பல வழிகள்: மறைந்து செல்லும் கணினி ஆட்டங்களை மீண்டும் ஆடுதல்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றில் 1782ஆம் ஆண்டு தனியிடம் பெறுவதாகும். அவ்வாண்டின் தொடக்கத்தில் இத்துறைமுகம் ஒல்லாந்தர் கையிலிருந்தது. ஜனவரி மாதத்தில் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் தலைமையில் வந்த ஆங்கிலேயர், பிற்காலத்தில் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர்பெற்ற கோட்டையுட் காவலர் எதிர்பாராத விரைவுடன் புகுந்தனர். உட்டுறைமுகத்தைக் காத்துநின்ற ஒஸ்டன்பேர்க் மலைக்கோட்டையை அம்மாதம் 11ஆம் நாள் நேரே ஏறித் தாக்கிப் பிடித்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுக் கடற்றளபதி சஃப்ரன் வந்தார். அவர் படையைக் கரையிறக்கிப் பீரங்கி மேடைகளை அமைத்து, உள்ளிருந்த ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்குவித்து இரு கோட்டைகளையும் பெற்றார். மீண்டும் ஒல்லாந்தர் வசமான இத்துறைமுகத்தை 1795ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுக் கைக்கொண்டனர். இடம் ஒன்றே, புகுந்த வழிகளோ வெவ்வேறு.

இவற்றுள் எவ்வழி சிறந்தது? ஏறித் தாக்கியவர்கள் சற்றுப் பொறுத்திருப்பின் உயிரிழப்புக் குறைந்திருக்குமா? இவ்வினாக்களை எழுப்பலாம், விடை காண இயலாது. வரலாறு ஒருமுறையே நிகழ்வது. ஒரு வழியைத் தேர்ந்தவர்க்குத் தேராத வழியின் முடிவு தெரிவதில்லை. அதனாலன்றோ, போர் முடிந்த பின்னர் வென்றவரும் தோற்றவரும் ஒருங்கே, "வேறு வழி இருக்கவில்லை" என்று கூறிவிடுகின்றனர்! அக்கூற்றை மெய்யா பொய்யா எனச் சோதிக்கும் களம் உலக வாழ்வில் இல்லை. விந்தை யாதெனில், இளைஞர் பொழுதுபோக்கெனக் கருதப்படும் கணினி ஆட்டங்களுள் ஒருவகை அத்தகைய களத்தைச் சிறு அளவில் அமைத்துத் தருகின்றது. காவலர் கண்ணிற் படாது மறைந்து சென்று கருமம் முடிக்கும் ஆட்டங்களே அவை.

மறைந்து செல்லுதல் தமிழர்க்குப் புதிய பொருளன்று. தொல்காப்பியம் புறத்திணையுள் முதற்கண் வைத்தோதும் வெட்சி, பகைவர் நாட்டு ஆனிரையைக் களவிற் கவர்ந்து வருதலைக் கூறுவது. ஒற்றர் வாயிலாக அறிதல், பகைவர் அறியாவண்ணம் செல்லுதல், சூழ்ந்து நிற்றல் என அதன் துறைகள் விரிகின்றன. ஊரிலுள்ளாரைக் கொல்லுதலும் அங்கு ஒரு துறை. கவர்ந்த ஆக்களைத் துன்பமுறாது நடத்தி வருதலும் ஒரு துறை. ஒரே செயலுக்குள் வன்மையும் மென்மையும் அருகருகே நிற்றல் காண்க. ஈழத்துச் சிறார் ஆடும் கிளித்தட்டும் இக்கருத்தினின்று தூரமானதன்று. கோடுகளை மறித்து நிற்போரின் கைபடாது தட்டுத் தட்டாகக் கடந்து சென்று மீளுவதே அதன் நோக்கம். அங்கு வெற்றி தருவது மற்றவரைத் தள்ளி வீழ்த்தும் வலிமையன்று; அவர் கண் எங்குள்ளது, கால் எப்பக்கம் சாய்கின்றது என்று நோக்கும் கூர்மையே.

கணினித் திரையில் இவ்வகை ஆட்டங்கள் நாற்பதாண்டுகளுக்கு மேலாக உள்ளன எனினும், 1998ஆம் ஆண்டு இத்துறையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் நிறுவனம் வெளியிட்ட 'தீஃப்' என்னும் ஆட்டம் ஒளியையும் ஒலியையும் ஆட்டத்தின் உயிராக்கிற்று. ஆடுபவர் நிழலில் நின்றாற் காவலர் காணார். கற்றளத்தில் விரைந்து நடந்தால் அடியோசை கேட்டு ஐயுறுவர். கம்பளத்தின்மேல் மெல்ல நடந்தால் அறியார். காவலரின் நிலையும் படிப்படியாக மாறுவது: முதலில் அமைதி, பின்னர் ஐயம், பின்னர் தேடல், இறுதியில் அபாயக் குரல். இப்படிகளுக்கு இடையிலுள்ள சில நொடிகளே ஆடுபவரின் மூலதனம். அவ்வாட்டத்தில் மற்றொரு நயமும் உண்டு. மிகக் கடினமான நிலையைத் தேர்ந்தவர்க்கு மனிதரைக் கொல்லுதல் விலக்கப்பட்டது. திறமை மிகுந்தவனுக்கே கொல்லாமை விதிக்கப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

இம்மரபின் முதிர்ந்த கனிகளுள் ஒன்று 'டிஸ்ஆனர்ட்'. பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள ஆர்கேன் நிறுவனத்தார், ரஃபாயேல் கொலந்தோனியோ, ஹார்வி ஸ்மித் என்னும் இருவர் இயக்கத்தில் 2012ஆம் ஆண்டு அக்டோபரில் இதனை வெளியிட்டனர். ஐரோப்பியத் தரப்படுத்தலில் இது பதினெட்டு வயது நிரம்பியோர்க்கே உரியது. கதை நிகழும் இடம் டன்வால் என்னும் கற்பனைத் துறைமுக நகரம். திமிங்கில எண்ணெயால் விளக்கெரியும் அந்நகரை எலிகள் பரப்பும் கொள்ளைநோய் அழித்துக்கொண்டிருக்கின்றது. அரசியின் மெய்காவலனாகிய கோர்வோ, அவளைக் கொன்றான் என்ற பொய்ப்பழி சுமந்து சிறைப்படுகின்றான். தப்பி வந்து, சதி செய்தோரை ஒவ்வொருவராகப் பதவியினின்றும் அகற்றி, அரசியின் மகளாகிய சிறுமி எமிலியை மீட்கின்றான்.

கதை சுருங்கியது, வழிகளே விரிந்தன. ஒவ்வொரு மாளிகைக்கும் வாயில் உண்டு, கூரை உண்டு, கழிவுநீர்க் கால்வாய் உண்டு, திறந்த சாளரம் உண்டு. நொடிப்பொழுதில் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குத் தாவுதல், எலியின் உடலிற் புகுந்து சிறு துவாரத்தின் வழியே செல்லுதல், காலத்தின் ஓட்டத்தைத் தாழ்த்துதல் முதலிய மாய ஆற்றல்களும் நாயகனுக்கு உள. அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பது ஆடுபவர் விருப்பம். அனைத்தினும் மேலாக, தலைமைப் பகைவர் உட்பட ஒருவரையும் கொல்லாது முழு ஆட்டத்தையும் முடிக்கலாம்.

கொலைக்கு விளைவும் வைத்திருக்கின்றனர். ஆடுபவர் கொன்ற தொகை மிகுந்தால் நகரில் எலிகள் பெருகும், நோயுற்றோர் மிகுவர், காவல் கடுமையாகும், சிறுமி எமிலி வரையும் சித்திரங்கள் இருண்டு போகும். நாயகனைப் படகில் ஏற்றிச் செல்லும் முதியோன் சாமுவேல், கொலை எல்லை கடந்துவிட்டால் இறுதிப் பயணத்தில் அவன் முகத்துக்கு எதிரே தன் வெறுப்பைக் கூறி, தன் துப்பாக்கியை வெடித்துப் பகைவரை எச்சரித்துவிடுவான். முடிவும் இருள் சூழ்ந்ததாகும். கைகளைத் தூய்மையாக வைத்திருந்தோர்க்கு நகரம் நலம்பெறும் முடிவு கிட்டும்.

மீண்டும் ஆடுதலின் பயன் இங்குத்தான் புலனாகின்றது. முதன்முறை ஆடுவோர் பெரும்பாலும் அச்சத்தால் ஆடுகின்றனர். காவலன் திரும்பினான் என்றதும் கை தானே வாளுக்குச் செல்கின்றது. அவன் எத்திசையில் நடப்பான், எப்போது நிற்பான் என்பது தெரியாமையே அக்கொலைக்குக் காரணம். இரண்டாம் முறை அதே கூடத்துள் நுழைபவருக்கு அக்காவலனின் நடை தெரியும். அவன் தலைக்கு மேலே ஓடும் உத்தரம் கண்ணிற் படும். முன்னர்ப் பூட்டியிருந்ததாக எண்ணிய கதவின் திறவுகோல் பக்கத்து அறையிலேயே தொங்குவதும் தெரியும். முதன்முறை இல்லையென எண்ணிய வழி, தொடக்கத்திலிருந்தே அங்கு இருந்தது. "வேறு வழி இருக்கவில்லை" என்ற சொல்லின் பொருள், பெரும்பான்மையும், "வேறு வழியை நாடவில்லை" என்பதே. நூல் பல கூறினும் ஏறாத இவ்வுண்மையை இரண்டாம் ஆட்டம் கையாற் செய்து காணுமாறு உணர்த்துகின்றது.

மனப்பாடம் ஒன்றே போதுமாயின் மறு ஆட்டம் சலிப்பூட்டும். அதனைத் தவிர்க்கும் உத்திகளும் உள. பாயில் குடும்பத்தார் மாளிகையில் முகமூடி விருந்து நிகழும் பகுதியில், மூன்று சகோதரிகளுள் நாயகன் தேடிவந்தவள் யார், அவள் எந்நிற ஆடை அணிந்தவள் என்பன ஒவ்வொரு முறையும் மாறும். விருந்தினரோடு உரையாடியும் மேன்மாடத்தில் ஒளிந்து படித்தும் புதிதாகவே அறிதல் வேண்டும். ஆடுவோர் தாமே தமக்கு விதி வகுத்துக்கொள்ளுதல் மற்றோர் உத்தி. ஒருவர் கண்ணிலும் படுவதில்லை, ஒருவரையும் கொல்வதில்லை, அடிப்படைத் தாவல் ஆற்றலன்றி வேறெதனையும் பெறுவதில்லை என்னும் நோன்புகளை ஆட்டமே பாராட்டிப் பதிந்துகொள்கின்றது. வசதியைக் குறைத்துக்கொள்ளுந்தோறும் அறிவு வளர்தல் இதன் இயல்பு.

இந்திய மண்ணைக் களமாகக் கொண்ட சான்றும் ஒன்றுண்டு. டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரத்து ஐ.ஓ. இண்டராக்டிவ் நிறுவனம் 2018 நவம்பரில் வெளியிட்ட 'ஹிட்மன் 2' என்னும் ஆட்டத்தின் ஒரு பகுதி மும்பையில் நிகழ்வது. அங்கு மறைவு என்பது நிழலன்று, வேடம். சலவைத் தொழிலாளி, ஓவியர், நாவிதர் என ஆடை மாற்றி நெரிசலிற் கலந்துவிடலாம். அதே நகரில் அதே இலக்குகளைத் தேடும் மற்றொரு கூலிக்கொலைஞனும் உளன்; இலக்குகளை அவன் பார்வைக்குள் வரவழைத்து, வேலையை அவனைக்கொண்டே முடித்துக்கொள்ளலும் ஆகும். பலமுறை ஆடித் தேர்ச்சி பெறப்பெறப் புதிய தொடக்க இடங்கள் திறக்கும். ஆயின் இலக்காகிய மூவரைக் கொன்றே ஆகவேண்டும் என்பது அங்கு மாறா விதி. வழியிலேதான் உரிமை, முடிவில் இல்லை. டன்வாலின் சிறப்பு இவ்வொப்பீட்டால் விளங்கும்.

இனி, குறைகளையும் நோக்குதல் முறையாகும். நீதி நூலார் உபாயம் நான்கெனக் கூறுவர்: சாமம், தானம், பேதம், தண்டம். இன்சொல், கொடை, பிரித்தல் ஆகிய மூன்றும் பயன்படாவிடத்தே தண்டம் கொள்ளத்தக்கது என்பது அவ்வரிசையின் உட்பொருள். டிஸ்ஆனர்ட் ஆட்டத்திலோ நாயகன் பெறும் கருவிகளுட் பெரும்பாலன தண்டத்திற்கே உரியவை. கொல்ல வேண்டாவென்று அறிவுறுத்திக்கொண்டே கொல்லும் கருவிகளை அழகுற அடுக்கிக் கொடுக்கும் முரண்பாடு அதனிடம் உண்டு. கொல்லாமையும் அங்கு எப்போதும் அருளன்று. பெண்டில்டன் இரட்டையரைக் கொல்லாது விடுபவர், அவர்கள் நா அறுபட்டுத் தங்கள் சொந்தச் சுரங்கத்திலேயே அடிமைகளாவதற்கு உடன்படுகின்றார். பாயில் குலத்துப் பெண்ணைக் கொல்லாது விடுபவர், அவள் விரும்பாத ஒருவனிடம் மயங்கிய நிலையில் அவளை ஒப்படைக்கின்றார். உயிர் போகவில்லை என்பதனால் மட்டும் ஒரு செயல் அறமாகிவிடுமா? கணக்கேட்டில் தூய்மையெனப் பதிவாகும் இச்செயல்களைக் கண்டு கூசாதவர், ஆட்டத்தின் எண்ணிக்கையைக் கற்றாரேயன்றி அறத்தைக் கற்றாரல்லர்.

மற்றொரு குறை, சேமித்து மீளும் வசதி. தவறு நேர்ந்த கணமே முன்னைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அதனால் விளைவின் சுமை குறைகின்றது. ஆதலின் தேர்ந்த ஆட்டக்காரர் சிலர், பிழை நேர்ந்தாலும் மீளாது அதன் விளைவோடு இறுதிவரை செல்வதைத் தமக்கு நோன்பாகக் கொள்வர். முழு ஆட்டத்தையும் முடித்த பின்னரே மீண்டும் தொடங்குவர். ஒரு பிழையை உடனே அழித்தலுக்கும், அதன் முழுப் பயனையும் கண்டு, பின்னர் வேறு வழி செல்லுதலுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னது மறதி, பின்னது கல்வி.

1983 முதல் 2009 வரை நீண்ட போரைத் தாங்கிய மாவட்டம் திருகோணமலை. வாளும் துப்பாக்கியும் ஏந்திய ஆட்டத்தைப் பிள்ளைகள் கையிற் காணும் பெற்றோர் இங்கு முகம் சுளித்தல் இயல்பே. அதனைப் பழமைவாதம் என ஒதுக்குதல் பொருந்தாது. வயதுக்கு ஒவ்வாத ஆட்டத்தைத் தடுத்தல் அவர் கடமையுமாகும். ஆனால் வயது வந்த மாணவன் ஒருவன் இவ்வகை ஆட்டத்தை ஆடியிருப்பின், அவனிடம் கேட்கத்தக்கது எத்தனை பேரை வென்றாய் என்பதன்று. அதே மாளிகைக்குள் இரண்டாம் முறை சென்றாயா, முன்னர் நீ வீழ்த்திய காவலனை இம்முறை என் செய்தாய், அவன் அறியாது கடந்து செல்ல எத்தனை வழிகள் கண்டாய் என்று கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை சொல்லத் தொடங்குபவன், 1782ஆம் ஆண்டினைப் பாடநூலில் மீண்டும் படிக்கும்போது, நிகழ்ந்ததோடு நிகழாது போனவற்றையும் எண்ணிப் பார்ப்பான்.