விளையில் விளைந்ததும் சமையல் பக்குவமும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோட்ட நிலங்களான விளைகளில் தென்னைக்குக் கீழே பலா நிற்கும். பலாவில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். நிழலில் சேனையும் சேம்பும், வெயில் விழும் ஓரத்தில் மரச்சீனியும் வளரும். காடு போல அடுக்கடுக்காக உணவுப் பயிர் வளர்க்கும் இந்த முறையை ‘உணவுக்காடு’ என்று சொல்லி, ஊருக்கு வெளியே நிலம் வாங்கியவர்களும் இப்போது ஆர்வத்தோடு தொடங்குகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் கன்றும் கிழங்கும் கைமாறும் வேகத்தில் அவற்றைச் சமைக்கும் பக்குவம் கைமாறுவதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மரச்சீனி எனும் மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். அதில் இயல்பாகவே லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கின் திசு சிதையும்போது அதிலிருந்து சயனைடு வெளிப்படும். இலையைத் தின்ற ஆடுகள் சுருண்டு விழுவதும் இதனால்தான். மேல்தோலோடு உள்தோலையும் உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய தண்ணீரில் பாத்திரத்தை மூடாமல் வேகவைக்க வேண்டும். வெந்த தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைப்பதும், முழுக்கிழங்காகச் சுடுவதும் நஞ்சைச் சரியாக நீக்காது. வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிடுங்கள். சாப்பிட்டபின் வாந்தி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தால் 108 ஆம்புலன்ஸை அழைப்பதில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

சேனையும் சேம்பும் அந்த அளவுக்குக் கொடியவை அல்ல. நாக்கும் தொண்டையும் அரிப்பதற்கு அவற்றிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களே காரணம். புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் அரிப்பு அடங்கும்.

வேலியோரச் செங்காந்தள் விஷயத்தில் எந்தப் பக்குவமும் உதவாது. தமிழ்நாட்டின் மாநில மலரான இதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். உண்ணும் கிழங்கு என்று தவறாக எண்ணி இதைச் சமைத்தவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் உயிரிழந்திருக்கிறார்கள். இதிலுள்ள கோல்சிசின் வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும் என்பதால், “ஒன்றும் ஆகவில்லையே” என்று வீட்டில் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. கிழங்கு தோண்டும் இடத்தில் இந்தக் கொடி படராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்கு முளைக்கும் காளானுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மஞ்சள் தடவிப் பார்ப்பது, வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது போன்ற எந்தச் சோதனையும் நஞ்சைக் காட்டிக்கொடுக்காது.

பதப்படுத்துவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மண்ணில் வாழும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரிலும் சாவதில்லை. காற்றுப் புகாத புட்டியில், புளிப்புக் குறைவான உணவில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அவை வளர முடியாது. அதனால்தான் எலுமிச்சை, நெல்லி, புளிப்பு மாங்காய் ஊறுகாய்கள் தாக்குப்பிடிக்கின்றன. இடிச்சக்கை எனும் பலாப்பிஞ்சு, மூங்கில் குருத்து, காளான் ஆகியவற்றை வெறும் உப்புநீரில் அடைத்து வைப்பதும், பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டு அலமாரியில் வைப்பதும் ஆபத்தானவை. போதிய வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேருங்கள். இல்லையென்றால் உலர்த்துங்கள், அல்லது உறைய வையுங்கள். மூடி உப்பிய புட்டியை ருசிகூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சு குழறுவது ஆகியவை இந்த நஞ்சின் அறிகுறிகள். தேனிலும் இதே வித்துகள் இருக்கக்கூடும். எனவே, பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்; ஒரு வயதுவரை தேனே கூடாது.

கொப்பரையோ வற்றலோ சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் உருவாகலாம். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் இந்த நஞ்சு வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாக அழியாது. பூஞ்சையைத் தட்டிவிட்டு மீண்டும் வெயிலில் போடுவதால் பயனில்லை.

வீட்டுக்குச் செய்ததைப் பிறருக்கு விற்கத் தொடங்கினால் சட்டப் பொறுப்பும் வந்துவிடும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், 2006-இன்படி வீட்டுச் சமையலறையில் செய்து விற்பவரும் பதிவு பெற வேண்டும். பொட்டலத்தில் சேர்மானங்கள், தயாரித்த தேதி, 14 இலக்கப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும்.

வாங்குபவருக்கும் உரிமைகள் உண்டு. சந்தேகம் இருந்தால் அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவின்கீழ் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். அந்த எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் தரத்துக்கு உட்படவில்லை என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாயும், கடுமையான காயத்துக்கு 3 லட்சம் வரையும், மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையும் இழப்பீடு வழங்க 65-ஆம் பிரிவு இடமளிக்கிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம். மீதமுள்ள உணவு, புட்டி, ரசீது, மருத்துவமனைச் சீட்டு எதையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். புகாருக்கு அவையே சான்று.